இருமிய விமானி

அன்று காலை அந்த விசாரணை அறையில் இருந்தவர்கள் எழுவர். விசாரணை அதிகாரி ஆக்னஸ் ராஜரீகம். விமானங்களை இறக்கும் வேலையை நடத்தும் ‘வான்வரிசை’ நிறுவனத்தின் வழக்கறிஞர் ஸ்ரீவத்சன். அதே நிறுவனத்தின் பொறியாளர் சுதர்சன். மேற்பார்வையாளர் குணசீலன். காயல்பட்டினத்திலிருந்து வந்திருந்த நஸ்ரின். இவள் முதுகெலும்பு முறிந்து படுக்கையில் கிடக்கும் ஜமால் முகைதீனின் மகள். விமானங்களை இறக்கும் கன்ட்ரோலர் மிதுனா. இவள் என் தம்பி நல்லசிவத்தின் மகள். ஏழாவதாக நான், தாராபுரம் கொற்றவேல் மோட்டார் சர்வீஸ் மயிலாத்தாள். என் தம்பி உள்ளே வரவில்லை. அழுதுவிடுவான் என்று காரிலேயே உட்காரச் சொல்லிவிட்டேன். இந்த ஏழு பேரைத் தவிர தானும் அங்கே இருந்ததாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

வாசலில் ‘பார்வையாளர்’ என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளச் சொன்னார்கள். “நான் பார்க்க வரலீங்க, கேக்க வந்திருக்கறேன்” என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். உள்ளே போனதும் ஒரு சுழலும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அதில் நான் உட்காருவதில்லை. நிமிர்ந்து உட்கார முடியாத நாற்காலியில் உட்கார்ந்து ஒருவரிடம் நியாயம் கேட்க முடியாது. கடைசியில் சமையலறையிலிருந்து ஒரு மர நாற்காலி வந்தது.

எங்கள் பஸ் தாமதமாகப் போனதுண்டு. டைமிங் தகராறில் அடுத்த கம்பெனிக்காரனோடு நடுரோட்டில் மல்லுக்கு நின்றதும் உண்டு. ஆனால் ஏறிய ஆளைப் பத்திரமாக இறக்காமல் விட்டதில்லை. அந்தப் பெயரை நம்பித்தான் எங்கள் வீட்டுக்குப் பெண் கொடுத்தார்கள், எங்களிடம் பெண் எடுத்தார்கள். மிதுனா விமான வேலைக்குப் போனபோது, “ரோட்டுல ஓட்டினது போதும், மேல போயி ஓட்டறேன் அத்தை” என்று சிரித்தாள். உண்மையில் அவள் எதையும் ஓட்டவில்லை. கோயம்புத்தூருக்கு வெளியே, ஜன்னலே இல்லாத ஒரு பெரிய கூடத்தில் உட்கார்ந்து, தூரத்து விமான நிலையங்களுக்கு வரும் விமானங்களைத் திரையில் பார்த்து இறக்குவாள். எது முதலில், எது அடுத்து என்ற வரிசையைக் கணினியே போட்டுவிடும். இவள் அதைக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும், தேவையென்றால் மாற்றலாம்.

மாசி மாதத்தில் ஒரு நாள் காலையில் அந்த வரிசையை மாற்றினாள். ஆம்புலன்ஸ் விமானம் ஒன்று எரிபொருள் தீரப்போகிறது என்று கூப்பிட்டது. உள்ளே நோயாளிக் குழந்தை ஒன்று இருப்பதாக விமானி சொன்னார். கணினி அதைக் கடைசியில் வைத்திருந்தது. இவள் அதை முதலில் இறக்கினாள். அதற்காக, தரையைத் தொடவிருந்த பயணிகள் விமானம் ஒன்றைத் திரும்ப மேலே ஏறச் சொன்னாள். அது சட்டென்று மூக்கைத் தூக்கி ஏறியபோது, முன் இருக்கையைப் பிடித்தபடி எழுந்து நின்றுகொண்டிருந்த ஜமால் முகைதீன் பின்னால் விழுந்தார். பிறகு அவரால் நிற்க முடியவில்லை.

அன்று மதியம்தான் மிதுனாவுக்கு ஒரு செய்தி சொன்னார்கள். அவள் இறக்கிய ஆம்புலன்ஸ் விமானம் வானத்தில் இல்லை. அது சிமுலேட்டர் உண்டாக்கிய பாவனை விமானம்.

‘சிமுலேட்டர் என்று நினைத்து உயிரோடு விளையாடிய பெண்’ என்று செய்தி போட்டார்கள். அவள் கையைத் தூக்கிக்கொண்டிருக்கும் கேமராப் படமும் அதோடு வந்தது. பயிற்சிப் பள்ளியில் சிமுலேட்டரை நிறுத்தச் சொல்லித்தான் அப்படிக் கை தூக்குவார்களாம். நிஜ விமானத்தை யாராவது நிறுத்தச் சொல்வார்களா, ஆகவே அவள் அதைப் பாவனை என்றே நினைத்திருக்கிறாள் என்பது நிறுவனத்தின் வாதம். மிதுனாவுக்குப் பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் வருவது நின்றது. அது போனால் போகட்டும். ஒறம்பரைச் சொந்தங்கள் போன் செய்து, “பாவம், தெரியாமப் பண்ணிப்போட்டா” என்று இரக்கப்பட்டார்கள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அவளுக்கு எந்தச் சந்தேகமும் இருந்ததில்லை, எல்லாம் நிஜம் என்றே நம்பினாள் என்று மனு எழுதிப் போட்டேன். அந்தக் காலையை அப்படியே சிமுலேட்டரில் திரும்ப ஓட்டிக் காட்ட வேண்டும் என்றும் கேட்டேன். விசாரணை அதிகாரி சம்மதித்தார்.

அறைக்குள் போவதற்கு முன் நடையில் ஸ்ரீவத்சன் எங்களை நிறுத்தினார். மடிப்புக் கலையாத சட்டை, மெல்லிய குரல்.

“அம்மா, இதை இவ்வளவு தூரம் இழுக்கவே வேண்டாம். ஒரே ஒரு கையெழுத்து. ‘பாவனைப் பயிற்சி என்று கருதி அலட்சியமாக இருந்துவிட்டேன்’ன்னு. ஆறு மாசத்துல லைசென்ஸ் திரும்ப வந்துடும். அந்தப் பெரியவருக்கு இழப்பீடும் உடனே போயிடும். இல்லேன்னா லைசென்ஸ் நிரந்தரமா ரத்து. அவருக்கும் கோர்ட்டு கோர்ட்டா வருஷக்கணக்குல ஆகும்.”

மிதுனா என் பக்கம் திரும்பினாள். மெலிந்திருந்தாள். “போட்டுடறேன் அத்தை. அவருக்காவது சீக்கிரம் கெடைக்கட்டும்.”

“என்னன்னு போடுவ? ஆள் உசுரு வெளையாட்டுன்னு நெனச்சேன்னா?”

“வார்த்தைதானுங்க அத்தை.”

“நம்ம வீட்டுப் பேர்ல அந்த வார்த்தை ஒரு காயிதத்துல இருக்கக் கூடாது அம்மிணி. அவருக்கு வேணுங்கறது நாம செய்யலாம், நம்ம பஸ்ஸை வித்தாவது செய்யலாம். இந்தக் கையெழுத்து முடியாது.”

“அத்தை, அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லோணும். அந்தக் கை தூக்கினது...”

“எதுவானாலும் உள்ள போயிச் சொல்லு. நடையில நின்னு பேசற பழக்கம் நமக்கில்ல.”

ஸ்ரீவத்சன் புன்னகை செய்தார். “அம்மா, இது பஸ் ஸ்டாண்டு இல்ல. இங்க எல்லாம் கணினிக் கணக்கு.”

“தெரியுதுங்க. பஸ் ஸ்டாண்டுல ஆள் ஏறாத பஸ்ஸுக்கு, ஆளோட நிக்கற பஸ்ஸை யாரும் ஒதுக்க மாட்டாங்க.”

அவர் புன்னகை போய்விட்டது. நாங்கள் உள்ளே போனோம்.

அறை அந்தக் கூடத்தைப் போலவே அமைக்கப்பட்டிருந்தது. முன்னால் மிதுனாவின் திரை. அதற்குப் பின்னால், இரண்டு முழம் உயரத்தில், மேற்பார்வையாளரின் மேடை. குணசீலன் அங்கே போய் உட்கார்ந்தார். நாற்பது வயதிருக்கும். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. நான் வணக்கம் சொன்னபோது பாதி எழுந்து, பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஆக்னஸ் ராஜரீகம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். “ஆரம்பிக்கறதுக்கு முன்னால, மிஸ்டர் சுதர்சன், இல்லாத விமானத்தை எதுக்கு இருக்கற விமானங்களுக்கு நடுவுல விட்டீங்கன்னு இவங்களுக்குச் சொல்லிடுங்க. எனக்குச் சொன்ன மாதிரி வேண்டாம். இவங்களுக்குப் புரியற மாதிரி.”

சுதர்சன் இளைஞர். தன் வேலையில் ஆசை உள்ளவர் என்று பேச்சிலேயே தெரிந்தது. “மேடம், வரிசை போடுறது, இடைவெளி பார்க்கிறது எல்லாமே கணினி. தப்பே வர்றதில்ல. மனுஷங்களுக்கு வேலை இல்ல. தூங்கிட்டாங்க.”

“தூங்கினாங்களா?”

“கண்ணைத் திறந்துக்கிட்டே. அது இன்னும் மோசம். ஒரு நாள் நிஜமாவே பிரச்சினை வந்தப்ப ஒருத்தருக்குக் கையே ஓடல. அதனால நடுநடுவுல சிமுலேட்டர் ஷிப்ட் வெச்சோம். அதே சீட், அதே திரை. எது நிஜம், எது பாவனைன்னு சொல்ல மாட்டோம். பாவனைன்னு தெரிஞ்சா அலட்சியம் வரும், நிஜம்னு தெரிஞ்சா பதற்றம் வரும். தெரியாம இருக்கறதுதான் நல்லதுன்னு முடிவு பண்ணினோம்.”

“நல்லதுன்னு யாருக்கு?” என்றாள் நஸ்ரின். பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

சுதர்சன் அவளைப் பார்க்காமல் தொடர்ந்தார். “ஆனா கன்ட்ரோலருங்க கண்டுபிடிச்சிட்டாங்க. பாவனை விமானிங்க யாரும் இருமுறதில்ல, தடுமாறுறதில்ல, போகும்போது வணக்கம் சொல்றதில்லன்னு. சரின்னு அதையும் போட்டோம். அப்புறம் முழு ஷிப்டா விடறதை நிறுத்திட்டு, நிஜ விமானங்களுக்கு நடுவுல ஒண்ணே ஒண்ணு விட ஆரம்பிச்சோம்.”

“அந்த ஒண்ணுக்காக நிஜ விமானத்தை மேல அனுப்பினா?” என்று அதிகாரி கேட்டார்.

“அனுப்பவே முடியாது மேடம். அதுக்குத்தான் மேற்பார்வையாளர். எது பாவனைன்னு அவருக்கு மட்டும் தெரியும். நிஜ விமானத்துக்கு இடைஞ்சல் வரும்னு தெரிஞ்சா, அந்தச் சிவப்புப் பொத்தானை அமுக்கணும். பாவனை விமானம் மட்டும் மறைஞ்சிடும். கன்ட்ரோலர் கை தூக்கினாலும் அமுக்கணும். அன்னிக்கு அவர் வேற திரையைப் பார்த்துக்கிட்டிருந்தார், கை தூக்கினதைப் பார்க்கலன்னு வாக்குமூலம் கொடுத்திருக்கார்.”

குணசீலன் தலையை ஆட்டினார்.

“ஓட்டுங்க” என்றார் அதிகாரி. “அன்னிக்கு எது நிஜமோ அதை நிஜம்னு குறிச்சுக்குங்க, பாவனையைப் பாவனைன்னு. பொத்தானும் அன்னிக்கு மாதிரியே வேலை செய்யணும்.”

திரை எரிந்தது. பச்சைப் புள்ளிகள் மெதுவாக நகர்ந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சிறிய எழுத்தில் பெயர். அதில் ஒன்றைச் சுதர்சன் காட்டினார். “இதுதான் சென்னையிலேர்ந்து வந்த பயணிகள் விமானம்.”

நஸ்ரின் எழுந்து திரைக்கு அருகில் போனாள். “இதுலயா எங்க வாப்பா இருக்காங்க?”

அவள் அங்கேயே நின்றாள்.

ஒலிபெருக்கியில் விமானிகள் ஒவ்வொருவராகப் பேசினார்கள். பேசியது ஆங்கிலம், சுதர்சன் தணிந்த குரலில் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். மிதுனா பதில் சொல்லச் சொல்ல அவள் குரல் மாறியது. வீட்டில் கேட்காத குரல். ஏற்றமும் இறக்கமும் இல்லாமல், ஒவ்வொரு சொல்லையும் எடுத்து வைப்பது போல. எங்கள் அப்பா பஸ் நிலையத்தில் நின்று டிரைவர்களிடம் பேசும்போது அப்படித்தான் பேசுவார். அதை நான் அவளிடம் சொன்னதில்லை.

பிறகு அந்தக் குரல் வந்தது. வயதான விமானியின் குரல். எரிபொருள் குறைவு என்றார். நடுவில் இரண்டு முறை இருமினார். மன்னிக்கவும் என்று சொல்லி மறுபடி ஆரம்பித்தார். உள்ளே குழந்தை, மூச்சுத் திணறல், நேரம் இல்லை என்றார்.

“இவரு யாரு?” என்றாள் நஸ்ரின்.

“யாருமில்லங்க. குரல் மட்டும்தான்” என்றார் சுதர்சன்.

“இருமினாரே?”

“அது நாங்க போட்ட இருமல்.”

நஸ்ரின் அவரை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தாள். “மன்னிப்புக் கேக்கவும் நீங்கதான் கத்துக் கொடுத்தீங்களா? நல்லாக் கேக்குறாரு. உங்க ஆபீஸ்லேர்ந்து எங்க வீட்டுக்கு இதுவரைக்கும் யாரும் கேக்கல.”

சுதர்சனின் காது சிவந்தது.

திரையில் ஆம்புலன்ஸ் விமானமும் சென்னை விமானமும் ஒரே இடத்தை நோக்கி நெருங்கின. மிதுனா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவள் வலது கை மைக்கின் மேல் இருந்தது. இடது கை மேலே போனது. செய்தியில் வந்த அதே கை, அதே உயரம்.

அந்தக் கணத்தில் நான் அவளைப் பார்க்கவில்லை. குணசீலனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் யோசிக்கவே இல்லை. சூடு பட்ட விரலை உதறுகிற வேகத்தில் அவர் கை போய்ச் சிவப்புப் பொத்தானை அடித்தது.

ஆம்புலன்ஸ் விமானம் மறைந்தது. குரலும் இருமலும் நின்றன. மற்றப் புள்ளிகள் ஒன்றுமே நடக்காதது போல நகர்ந்துகொண்டிருந்தன. சென்னை விமானம் கோட்டின் மேல் மெதுவாக இறங்கி, ஓடி, நின்றது. விமானி வணக்கம் சொன்னார்.

“வாப்பா எறங்கிட்டாங்க” என்றாள் நஸ்ரின். திரையின் மேல் விரலை வைத்திருந்தாள். பிறகு அந்த விரலை எடுத்து முக்காட்டுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

அதிகாரிதான் முதலில் பேசினார். “மிஸ்டர் குணசீலன், இன்னிக்குக் கை தூக்கினதைப் பார்த்தீங்க.”

“இன்னிக்குப் பார்த்தேன் மேடம். இன்னிக்கு அதைத்தானே எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன்.”

அதிகாரி எழுதிக்கொண்டார். அந்தப் பதில் எழுதப்பட்டு, மூடப்பட்டு, அப்படியே போய்விடும் என்று எனக்குத் தோன்றியது. எழுந்தேன்.

“நான் ஒண்ணு கேக்கலாமுங்களா?”

“மேடம், இவங்க சாட்சி இல்ல” என்றார் ஸ்ரீவத்சன்.

“கேக்கட்டும்” என்றார் ஆக்னஸ் ராஜரீகம்.

நான் மேடைக்கு அருகில் போனேன். “ஏனுங்க தம்பி, அன்னிக்கும் இதே மேடைதானுங்களா?”

“இதே மாதிரிதாங்க.”

“இங்கிருந்து பார்த்தா எம் பொண்ணோட தலை, தோளு, கையி எல்லாம் தெரியுது. நடுவுல அன்னிக்கு ஏதாச்சும் செவுரு இருந்துதுங்களா?”

அவர் கண் பொத்தானுக்குப் போனது.

“நான் உங்களைத் திட்டறதுக்குக் கேக்கலீங்க. இன்னிக்கு உங்க கையி உங்களைக் கேக்காமப் போச்சு. நான் பார்த்தேன். அவ்வளவு பழகின கையி. அன்னிக்கு அந்தக் கையைப் புடிச்சு நிறுத்தினது எது? அதை மட்டும் சொல்லுங்க.”

குணசீலன் முதலில் ஸ்ரீவத்சனைப் பார்த்தார். பிறகு நஸ்ரினைப் பார்த்தார். அவளைப் பார்த்த பிறகு வேறு யாரையும் பார்க்க முடியவில்லை என்று நினைக்கிறேன்.

“பார்த்தேன் மேடம்” என்றார் அதிகாரியிடம். “கையைப் பார்த்தேன். பொத்தான் மேல விரலையும் வெச்சேன். அமுக்கல.”

“ஏன்?”

“ஒவ்வொரு தடவை அமுக்கும்போதும் அந்தச் சோதனை செல்லாமப் போயிடும். ஏன் அமுக்கினேன்னு எழுதித் தரணும். அந்த வாரம் நெறைய அமுக்கிட்டேன். உங்க ஆளுங்களை நீங்களே கெடுக்கறீங்க, பாதியில நிறுத்தினா எப்படிக் கத்துக்குவாங்கன்னு மேலேர்ந்து கேட்டாங்க. மிதுனா நல்லாச் செய்யற பொண்ணு. சென்னை விமானத்தை முதல்ல எறக்கிட்டு இதை அடுத்ததா விட்டுடும்னு நெனச்சேன். இன்னும் ஒரு நொடி, இன்னும் ஒரு நொடின்னு பார்த்துக்கிட்டே இருந்துட்டேன்.” அவர் தன் விரலைப் பார்த்தார். “அதுக்குள்ள மேல அனுப்பிட்டா.”

ஸ்ரீவத்சன் உடனே எழுந்தார். அந்தத் திறமையை நான் ஒப்புக்கொள்கிறேன். “மேடம், இது எங்க ஊழியரோட தனிப்பட்ட தவறு, அதைத் தனியாப் பார்க்கலாம். ஆனா இதுல இன்னொண்ணு தெளிவாயிடுச்சு. கை தூக்கினாங்க. அப்படின்னா அது பாவனைன்னு இவங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் நிஜ விமானத்தை மேல அனுப்பினாங்க. ‘எல்லாம் நிஜம்னே நம்பினாள்’னு இவங்க அத்தை மனு கொடுத்திருக்காங்க. எது உண்மை?”

எல்லாரும் மிதுனாவைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். நடையில் அவள் சொல்ல வந்தது இதுதான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ‘தெரியாது’ என்று சொல் என்று என் மனம் சொன்னது. அவள் கண் என் மேல் ஒரு கணம் நின்றது. நான் முகத்தை அசைக்கவில்லை.

“அத்தை எழுதினது சரியில்லைங்க மேடம்” என்றாள். “எனக்குச் சந்தேகம் இருந்துச்சு. இருமல்லதான் வந்துச்சு. ஒரே மாதிரி ரெண்டு தடவை இருமினாரு. பாதிக்கு மேல அது பாவனையாத்தான் இருக்கும்னு தோணுச்சு. அதான் கை தூக்கினேன்.”

“அப்ப தெரிஞ்சேதான் பண்ணினீங்க” என்றார் ஸ்ரீவத்சன்.

“இல்லீங்க சார். கைக்குப் பதில் வரல.”

“அதனால?”

“பயிற்சிப் பள்ளியில சேர்ந்த முதல் நாள்லேர்ந்து, கை தூக்கிப் பதில் வராம இருந்ததே இல்ல. தூங்கிட்டிருக்கற வாத்தியார் கூட எழுந்திரிச்சு நிறுத்திடுவாரு. பாவனையா இருந்தா நிறுத்துவாங்க. நிறுத்தலைன்னா நிறுத்த முடியாதுன்னு அர்த்தம். நிறுத்த முடியாதுன்னா அது நெசம். அப்படித்தான் முடிவு பண்ணினேன். உள்ள ஒரு கொழந்தை இருக்குன்னு நெனச்சுத்தான் அனுப்பினேன்.”

சுதர்சன் தன் முன்னால் இருந்த மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இருமலைப் பற்றி யோசித்திருக்கிறார், வணக்கத்தைப் பற்றி யோசித்திருக்கிறார். இதை யோசித்திருக்கவில்லை.

“இன்னொரு தடவை அதே மாதிரி வந்து, கைக்குப் பதில் வரலைன்னா?” என்று அதிகாரி கேட்டார்.

“அதேதான் பண்ணுவேனுங்க மேடம். பாதிக்கு மேல பொய்யின்னு தோணினாலும், மீதியில ஒரு கொழந்தை இருக்கலாமில்லைங்களா?”

“எங்க வாப்பா மீதியில்லயே” என்றாள் நஸ்ரின். கத்தவில்லை. “அதுல ஆள் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இதுல ஆள் இருக்குன்னு தெரியும்ல உங்களுக்கு?”

மிதுனா தன் இருக்கையிலிருந்து எழுந்து அவள் பக்கம் திரும்பி நின்றாள். எதிர்த்தரப்போடு பேசவே கூடாது என்று ஊரில் எங்கள் வழக்கறிஞர் சொல்லி அனுப்பியிருந்தார். “தெரியுமுங்க அக்கா. அதுல எத்தனை பேருன்னும் தெரியும். மேல அனுப்பினா சுத்திக்கிட்டு வந்து எறங்கிடுவாங்க, யாருக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன். எல்லாரும் பெல்ட்டு போட்டு உக்காந்திருப்பாங்கன்னு நெனச்சேன். ஒருத்தரு எழுந்து நிப்பாருன்னு நெனைக்கல. அது என்னோட தப்பு. பாவனையில யாரும் எழுந்து நிக்கறதில்லைங்க.”

நஸ்ரின் மறுபடி திரையைப் பார்த்தாள். “சீட்டு ஓரத்துல கால் மரத்துப்போயிருச்சாம். அதான் எழுந்தாங்களாம்” என்றாள் கடைசியில்.

ஸ்ரீவத்சன் என் மனுவைக் கையில் எடுத்துக் காட்டினார். “அம்மா, இதுல உங்க கையெழுத்து இருக்கு. ‘அவளுக்கு எந்தச் சந்தேகமும் இருந்ததில்லை’ன்னு எழுதியிருக்கீங்க.”

“அதை அடிச்சுப்போடுங்க.”

“அப்படின்னா பொய்ன்னு ஒத்துக்கறீங்களா?”

“தப்புங்க. அவளைக் கேக்காம நான் எழுதினது. அவ சொன்னதை எழுதிக்கோங்க. சந்தேகம் இருந்துது, கை தூக்கினா, பதில் வரல. அதுக்குக் கீழ எங் கையெழுத்து வேணும்னாலும் போடறேன்.”

“லைசென்ஸ் போயிடலாம்.”

“போகட்டுமுங்க. எங்க வீட்டுல லைசென்ஸ் நெறைய இருக்குது.”

ஆக்னஸ் ராஜரீகம் சிரிப்பை அடக்கிக்கொண்டதை நான் பார்த்தேன். மிதுனாவின் முகத்தில் பல வாரங்களுக்குப் பிறகு களை வந்ததையும் பார்த்தேன்.

தீர்ப்பு வைகாசியில் வந்தது. நிஜ விமானங்களுக்கு நடுவே பாவனை விமானத்தை விடுவது தடை செய்யப்பட்டது. குணசீலனுக்கு வேலை போயிற்று. அவரை அமுக்கவிடாமல் விரட்டிய மேலிடத்துப் பெயர் ஒன்றுகூட அதில் இல்லை. அது பற்றி நான் மறுபடி எழுதியிருக்கிறேன், பதில் வரும் வரை எழுதுவேன். பயணிகள் விமானத்தை மேலே அனுப்புவதற்கு முன் போதிய எச்சரிக்கை கொடுக்கவில்லை என்று மிதுனாவின் மேல் ஒரு குறிப்பு எழுதினார்கள். லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்தக் குறிப்பு சரியானது. அதை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை.

அடுத்த வாரம் மிதுனாவும் நானும் காயல்பட்டினம் போனோம். ஜமால் முகைதீன் ஜன்னல் ஓரமாகக் கட்டிலில் படுத்திருந்தார். நஸ்ரின் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். பேசவில்லை, ஆனால் வைத்தாள். மிதுனா அழாமல் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“அப்ப அந்த இன்னொரு விமானத்துல யாருமே இல்லையாம்மா?”

“இல்லீங்க ஐயா.”

“நல்லதாப் போச்சு. அவங்களுக்காவது ஒண்ணும் ஆகலையே” என்றார்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். திரும்பி வரும் வழியில் மிதுனா வெகு தூரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு, “நாளைக்கு ட்யூட்டி இருக்குதுங்க அத்தை, கோயமுத்தூருக்கே கொண்டுபோயி எறக்கி விட்டுருங்க” என்றாள். இறக்கிவிட்டேன். அவள் இப்போதும் அதே கூடத்தில்தான் வேலை பார்க்கிறாள்.

கடைசியாக ஒன்று. தாராபுரம் பஸ் நிலையத்தில் சில மாதங்களாக ஒரு பேச்சு உலவுகிறது. எங்கள் கண்டக்டர்களே அதைப் பயணிகளிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். அந்த ஆம்புலன்ஸ் விமானம் நிஜம்தானாம். அதில் ஒரு பெண் குழந்தை இருந்ததாம். எங்கள் மிதுனாதான் அதைக் காப்பாற்றினாளாம். நிறுவனம் தன் பழியை மறைக்க அதைப் பாவனை என்று சொல்லிவிட்டதாம். குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறதாம். பேசி வைத்திருந்த வீட்டார் இதைக் கேட்டுவிட்டுத் தட்டோடு திரும்ப வந்தார்கள்.

அவர்களிடம் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன். அது பொய். அந்த விமானத்தில் குழந்தை இல்லை. விமானியும் இல்லை. அதில் ஒருவரும் இல்லை.